ஒரு கணை, இரண்டு உயிர்

"ஒரு கல்லில் இரண்டு மாங்காய்" என்பது எமது மூத்தோரின் வழக்கு. செவன் ஹில்ஸ் பாடசாலைகளிற் கற்கும் எமது பிள்ளைகளோ இதே பொருளுக்கு வேறொரு வழக்கைக் கற்று வீடு திரும்புகின்றனர். ஆங்கிலேயரின் அவ்வழக்கில் ஒரே கல்லில் இரண்டு பறவைகள் வீழ்கின்றன. தாத்தாவும் பேரனும் ஒரே கருத்தைத்தான் சொல்கின்றனர். ஆயினும் ஒருவர் மாந்தோப்பையும் மற்றவர் வேட்டைக்களத்தையும் மனத்தில் வைத்துப் பேசுகின்றனர்.

மாங்காய் இரண்டு விழுந்தால் இலாபம். உயிர் இரண்டு வீழ்ந்தால் அதனை என்னவென்று சொல்வது? ஒன்றைக் குறிவைத்தவன், அதன் பின்னால் நின்ற மற்றொன்றும் விழுந்து கிடக்கக் கண்டால், அவன் திறமைசாலியா, பிழை செய்தவனா? இக்கேள்வியை நாம் வெறும் பொழுதுபோக்குக்காக எழுப்பவில்லை. மேற்குச் சிட்னியின் தொழிற்சாலைகளிலும் களஞ்சியசாலைகளிலும் பணிபுரியும் எம்மவர்களை, உடன் வேலை செய்வோர் வார இறுதி வேட்டைக்கு அழைப்பதுண்டு. வன்னியிலும் படுவான்கரையிலும் காட்டோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு இவ்வழைப்புப் பழைய நினைவுகளைக் கிளறும். போவதற்கு முன்னர் சிலவற்றைச் சிந்திப்பது நன்று.

ஓரியின் ஒற்றைக் கணை

ஒரே எய்தலில் பல விலங்குகள் வீழ்ந்த செய்தி தமிழருக்குப் புதியதன்று. புறநானூற்றின் 152ஆவது பாடல் இதனையே பேசுகின்றது. பாடியவர் வன்பரணர். பாடப்பெற்றவன் கொல்லி மலைக்குத் தலைவனும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனுமாகிய வல்வில் ஓரி. அவன் வில்லிலிருந்து புறப்பட்ட கணை முதலில் யானையை வீழ்த்துகின்றது. பின்னர் வாய் பிளந்து நின்ற புலியையும், கிளைக்கொம்புடைய புள்ளிமானையும், காட்டுப் பன்றியையும் துளைத்துச் செல்கின்றது. இறுதியில் அருகிலிருந்த ஆழமான புற்றினுள் கிடந்த உடும்பிலே சென்று தைக்கின்றது.

பாடலை எம்மிற் பலர் பள்ளிப் பருவத்திலேயே படித்திருப்போம். ஐந்து விலங்குகள் என்ற எண்ணிக்கை மனத்தில் நிற்கும். ஆனால் அந்த ஐந்தாவது விலங்கைச் சற்று நின்று நோக்க வேண்டும். யானையைக் கண்டு எய்யலாம். புலியைக் கண்டு எய்யலாம். புற்றுக்குள் இருந்த உடும்பை வில்லாளன் கண்டிருக்க இயலாது. வில்லாண்மையைப் புகழ எழுந்த எமது பழம்பாடலிலேயே, எய்தவன் காணாத ஓர் உயிரும் கணையின் வழியில் இருந்து மடிகின்றது.

புலவர் அதனைப் பிழையாகக் கூறவில்லை. அக்கால வேட்டுவச் சமுதாயத்தில் அது வலிமையின் அடையாளம். பாடலின் பிற்பகுதி மேலும் சிறப்பானது. வழியிற் கண்ட வேட்டுவன் யாரென அறியாமலே பாணர் கூட்டம் இசை மீட்டிப் பாடுகின்றது. தன் பெயர் புகழப்படக் கேட்ட அவன் நாணி நிற்கின்றான். தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் கள்ளையும் வழங்கி, தன் மலையிற் கிடைத்த பொன்னையும் மணியையும் காட்டுவழியிலேயே அள்ளிக் கொடுக்கின்றான். கொன்றது வீணாகவில்லை, பசித்தோர் வயிற்றுக்குச் சென்றது. புகழுக்கு நாணுகின்ற ஒருவன் கையில் அந்த வில் இருந்தது. பாடல் எமக்குச் சொல்லும் அறம் இதுவெனக் கொள்ளலாம்.

அந்த ஓரியும் பின்னாளில் ஆயுதத்தாலேயே மடிந்தான். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகின்றது. காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே. இன்றும் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லி மலையில் தமிழக அரசு வல்வில் ஓரி விழாவை நடத்துகின்றது. ஆனால் ஓரி வேட்டையாடிய காட்டில் இன்று எவரும் அவ்வாறு வில்லெடுக்க முடியாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி யானை, புலி, உடும்பு ஆகியன மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்குகளாகும்.

ஒலி கேட்டு எய்த அம்பு

ஓரியின் கணை புகழ் பெற்றது. எமது இதிகாசங்களில் பழி பெற்ற கணைகளும் உள்ளன. இளமையில் தயரதன் இருளில் வேட்டைக்குச் சென்றபோது நீர்நிலையிலிருந்து ஓர் ஒலி கேட்டது. யானை நீர் குடிப்பதாக எண்ணி, ஒலி வந்த திசையை நோக்கி அம்பு தொடுத்தான். வீழ்ந்தவன் பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் நீர் மொண்ட ஓர் இளைஞன். மகனை இழந்த தாயும் தந்தையும் அவன் சிதையிலேயே உயிர் துறந்தனர். ஓர் அம்பு, மூன்று உயிர்கள். புத்திரசோகத்தால் நீயும் மடிவாய் என்று அத்தந்தை இட்ட சாபத்தையும் கணக்கிற் சேர்த்தால் நான்கு.

மகாபாரதத்தில் பாண்டுவின் கதையும் அத்தகையதே. இணைந்திருந்த மான்களை அவன் எய்தான். மான் வடிவில் இருந்தவர் கிந்தமர் என்ற முனிவர். அவர் இட்ட சாபம் ஒரு குலத்தின் வரலாற்றையே மாற்றியது.

தயரதன் கொடியவன் அல்லன். வேண்டுமென்று கொன்றவனும் அல்லன். பின் ஏன் பழி அவனைச் சேர்ந்தது? அவன் கண்ணாற் காணாமல் காதால் எய்தான். "தெரியாமல் நடந்துவிட்டது" என்ற சொல்லைக் கதை ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் அவனை விடுவிக்கவில்லை. அம்பு சென்றடைந்த இடம் அனைத்துக்கும் எய்தவனே பொறுப்பு.

எமது ஊர்க் காடுகளில் இதே பாடத்தைக் கட்டுத்துவக்கு கற்பித்தது. விலங்கு நடமாடும் பாதையில் துவக்கைக் கட்டி, குறுக்கே கம்பியை இழுத்துவிட்டு வீடு சென்றுவிடுவர். பன்றிக்கென்று கட்டிய துவக்கு, கம்பியைத் தட்டுவது பன்றியா, பட்டி மாடா, விறகுக்குச் சென்ற மனிதனா என்று பார்ப்பதில்லை. இலங்கையில் யானைகளும் மனிதர்களும் இதனால் ஊனமுற்றதும் உயிரிழந்ததும் உண்டு. தயரதனாவது ஒலியைக் கேட்டான். கட்டுத்துவக்கு அதனையும் கேட்பதில்லை.

ரவை நிற்கும் இடம்

இனி இன்றைய துவக்குக்கு வருவோம். மான் வேட்டைக்குப் பயன்படும் துவக்கிலிருந்து புறப்படும் ரவை பெரும்பாலும் செக்கனுக்கு 800 மீற்றர் அளவான வேகத்தில் செல்கின்றது. எலும்பில் மோதாமல் நெஞ்சறையின் மென்மையான பகுதிகளூடாகச் சென்றால், மானின் உடலைக் கடந்து மறுபக்கம் வெளியேறிவிடும். வெளியேறிய பின்னும் மற்றோர் உயிரைக் காயப்படுத்தும் வலு அதற்கு இருக்கும். முயல் வேட்டைக்குரிய சிறுரகத் துவக்கின் ரவைகூட, தடையேதும் இல்லையெனில் ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் செல்லவல்லது. கல்லிலோ நீர்ப்பரப்பிலோ பட்டுத் தெறித்தால் அது எத்திசையிற் செல்லும் என்று எவராலும் கூற முடியாது.

இதனாலேயே வேட்டைக்குரிய ரவைகள் பல, உடலிற் பட்டவுடன் மலர்ந்து விரிந்து தம் வேகத்தை அங்கேயே இழக்கும்படி செய்யப்படுகின்றன. அவையும் எப்போதும் உடலினுள் நின்றுவிடும் என்று நம்பியிருக்க இயலாது. சன்னங்கள் நிரம்பிய தோட்டாவின் நிலை வேறு. அது வெடித்தவுடன் சன்னங்கள் விரிந்து பரவுகின்றன. தூரம் கூடக் கூடப் பரப்பும் கூடும். பறவைக் கூட்டத்தை நோக்கிச் சுட்டால் ஒன்று விழும்; வேறு சில காயத்துடன் பறந்து சென்று கண்காணாத இடத்தில் மடியும்.

ஓர் உதாரணம் கொள்வோம். செவன் ஹில்ஸிலிருந்து ஒருவர் நீலமலைத் தொடரைக் கடந்து ஒபரன் பக்கத்துப் பண்ணையொன்றுக்கு, உரிமையாளரின் அனுமதியுடன் செல்கின்றார். விடியற்காலை. புல்வெளியின் ஓரத்தில் ஒரு மான் பக்கவாட்டில் நிற்கின்றது. இதைவிட நல்ல குறி கிடைக்காது என்று அவர் எண்ணுகின்றார். விசையை அழுத்துகின்றார். மான் விழுகின்றது. அருகிற் சென்று பார்த்தால், அதன் மறுபக்கத்தில் தாயின் உடலால் மறைக்கப்பட்டு நின்ற குட்டியும் காலொடிந்து துடித்துக்கொண்டிருக்கின்றது.

மான்கள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றின் பின் ஒன்று நிற்பது அவற்றின் இயல்பு. ஆதலால் தேர்ந்த வேட்டைக்காரர் குறி கிடைத்தவுடன் சுடுவதில்லை. அந்த மான் ஏனையவற்றிலிருந்து விலகித் தனித்து நிற்கும்வரை காத்திருப்பர். அதன் பின்னால் ரவையைத் தாங்கிக்கொள்ள ஒரு மண்மேடு உள்ளதா என்று பார்ப்பர். குன்றின் உச்சியில், வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கும் விலங்கைச் சுடமாட்டார்கள். மேட்டின் அப்பால் வீடு இருக்கலாம், வீதி இருக்கலாம், இன்னொரு வேட்டைக்காரர் இருக்கலாம். காத்திருந்தும் மான் விலகாவிட்டால் வெறுங்கையோடு திரும்புவர். அதனை அவர்கள் தோல்வியாகக் கருதுவதில்லை.

அயல்நாடான நியூசிலாந்தில் துவக்குப் பாதுகாப்புக்கென ஏழு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நான்காவது விதி, குறி எதுவென்று ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய் என்பது. ஐந்தாவது விதி, ரவை செல்லக்கூடிய பரப்பு முழுவதையும் பார் என்பது. முதலாவது தயரதனுக்காகவும் அடுத்தது ஓரியின் உடும்புக்காகவும் எழுதப்பட்டவை போலுள்ளன.

பைக்குள் இருக்கும் உயிர்

அவுஸ்திரேலியாவில் நாம் வேட்டை விலங்குகள் என்று கேள்விப்படும் மான், பன்றி, ஆடு, முயல், நரி ஆகிய அனைத்தும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவையே. 1859இல் விக்டோரியாவில் தோமஸ் ஒஸ்ரின் என்ற பண்ணையாளர் வேட்டைக்கென விடுவித்த முயல்கள் பல்கிப் பெருகிக் கண்டத்தின் பெரும்பகுதியைப் பாழாக்கிய வரலாறு பலரும் அறிந்ததே. எம்மவர் அதிகம் அறியாத செய்தி ஒன்றுண்டு. நாம் வன்னியில் மரை என்றும் தமிழகத்தார் கடமான் என்றும் அழைக்கும் விலங்கு, 1860களில் இலங்கையிலிருந்து விக்டோரியாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. மெல்பேர்ணுக்குக் கிழக்கேயுள்ள மலைக்காடுகளில் இன்றும் அது வாழ்கின்றது. எமக்கு முன்னரே இங்கு வந்து குடியேறிய ஊர்க்காரர் அது எனலாம்.

இந்நாட்டுக்கே உரிய விலங்குகளின் நிலை வேறு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கங்காரு, வலபி, பறவைகள் முதலியன சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. எமது ஊரில் உணவாகவும் மருந்தாகவும் கருதப்பட்ட உடும்பின் இனமும், இங்கு 'கோஆனா' என்ற பெயரில் அதே பாதுகாப்பைப் பெறுகின்றது. கங்காருவை அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் மட்டுமே, விதிக்கப்பட்ட எல்லைக்குள் சுடலாம்.

ஒரே வேட்டில் இரு உயிர்கள் என்பது கங்காருவின் விடயத்தில் அன்றாட உண்மையாகும். பெண் கங்காருவின் பைக்குள் குட்டி இருக்கலாம். சிவப்புக் கங்காரு இனத்தில், தாய் ஒருத்தி ஒரே காலத்தில் மூன்று பிள்ளைகளைச் சுமப்பதும் உண்டு. ஒன்று பையை விட்டு வெளியேறி, பக்கத்தில் நின்று பால் குடிக்கும். இன்னொன்று பைக்குள் முலைக்காம்பைப் பற்றியிருக்கும். மூன்றாவது கருப்பையில் வளர்ச்சி நிறுத்தப்பட்ட சிறு கருவாகக் காத்திருக்கும். வயதில் வேறுபட்ட முதலிரண்டு குட்டிகளுக்கும் இரு வேறு தன்மையுள்ள பாலைத் தாய் ஒரே நேரத்தில் சுரப்பாள். அவளைச் சுடுபவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு விலங்கு. அவர் முடிப்பது எத்தனை உயிர்களை?

இதனாலேயே கங்காரு வேட்டைக்கான தேசிய நெறிமுறை, பெண் விலங்கு வீழ்ந்தவுடன் அதன் பையைச் சோதித்து, குட்டி இருப்பின் அது துன்புறாமல் இருக்க வேண்டியதை உடனே செய்யும் கடமையைச் சுட்டவர்மீது சுமத்துகின்றது. தாயை இழந்த குட்டி பசியாலும் குளிராலும் நாட்கணக்கில் வருந்தி மடியும் என்பதே காரணம்.

நாம் வாழும் மண்

செவன் ஹில்ஸை அடுத்துள்ள துங்காபியோடு தொடர்புடைய வரலாறு ஒன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1790ஆம் ஆண்டின் இறுதியில், ஆளுநர் பிலிப்பின் வேட்டைக்காரராகிய மக்கின்ரயர் என்பவர் பெமுல்வுய் என்ற பழங்குடித் தலைவரின் ஈட்டிக்கு இலக்கானார். குடியேற்றத்தின் உணவுக்காக விலங்குகளைச் சுட அவருக்குத் துவக்கு வழங்கப்பட்டிருந்தது. அத்துவக்கை அவர் மனிதர்மீதும் திருப்பியிருக்கலாம் என்ற ஐயம் அக்காலத்திலேயே நிலவியது. 1797இல் துங்காபி அரச பண்ணையைத் தாக்கிய பெமுல்வுய், தொடர்ந்து பரமட்டாவில் நிகழ்ந்த மோதலில் உடலில் ஏழு சன்னங்கள் தைத்து வீழ்ந்தார். உயிர் பிழைத்து, காலில் விலங்குடனேயே தப்பிச் சென்ற அவர், 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வேட்டைக்கென்று வந்த துவக்கு வேட்டையோடு நின்றதில்லை என்பதற்கு நாம் குடியிருக்கும் இந்த மண்ணே சான்று. வயலில் நின்றவரும் வீட்டு முற்றத்தில் நின்றவரும் தமக்கென எய்யப்படாத ரவைக்குப் பலியானதைக் கண்டு வந்தவர்கள் நாம். குறிக்கு அப்பால் யார் நிற்கின்றார் என்ற கேள்வியை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் எம்மவரும்

1996 ஏப்ரல் 28ஆம் திகதி தஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதனைத் தொடர்ந்து நாடு முழுவதும் துவக்குச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகளை அரசு பணம் கொடுத்து மீளப் பெற்று அழித்தது. அன்று முதல் துவக்கு வைத்திருக்கத் தக்க காரணம் காட்ட வேண்டும். வேட்டை அத்தகைய காரணங்களுள் ஒன்று, தற்பாதுகாப்பு ஏற்கப்படுவதில்லை.

நியூ சவுத் வேல்ஸில் துவக்கு அனுமதிப்பத்திரமும் பாதுகாப்புப் பயிற்சியும் இன்றியமையாதவை. தனியார் காணியில் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அரச காடுகளில் வேட்டைக்கெனத் தனி அனுமதிப்பத்திரமும் எழுத்து மூலமான இசைவும் வேண்டும். தவறுதலாக ஒரு விலங்கு காயமுற்றாலும் அதனை அப்படியே துடிக்க விட்டுச் செல்வது விலங்கு வதைச் சட்டத்தின் கீழ் வினாவுக்கு உள்ளாகலாம். சட்டங்கள் அவ்வப்போது மேலும் இறுக்கப்படுகின்றன. ஆதலால் பிறர் வாய்மொழியை நம்பாமல், மாநிலக் காவல்துறையின் துவக்குப் பதிவகத்தில் நேரடியாகக் கேட்டறிவதே தகும்.

வதிவுரிமைக்கான முடிவை எதிர்பார்த்திருக்கும் எமது உறவுகள் மற்றொன்றையும் மறத்தலாகாது. 1958ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவு, ஒருவரின் நன்னடத்தையை ஆராய்ந்து விசாவை மறுக்கவோ நீக்கவோ அதிகாரம் அளிக்கின்றது. நண்பரின் துவக்கை அனுமதியின்றி ஒரு நிமிடம் கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பது விளையாட்டாகத் தோன்றலாம். அது குற்றச்சாட்டாக மாறினால், ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த கோப்பையே அது தொடலாம். ஒரு வேட்டில் வீழும் இரண்டாவது, காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் எதிர்காலமாகவும் இருக்கக்கூடும். ஐயம் இருப்பின் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேட்டை வேண்டாம் என்று கூறுவது எமது நோக்கமன்று. பயிர்களையும் காடுகளையும் அழிக்கும் பன்றியும் மானும் இங்கு கட்டுப்படுத்தப்பட வேண்டியவை என்பதை விவசாயக் குடும்பங்களில் பிறந்த நாம் உணர்வோம். எய்பவர் எய்யும் முன் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நான் காண்பதற்குப் பின்னால் நான் காணாதது எது? விடை தெரியாதவிடத்து விரலை விசையிலிருந்து எடுத்துவிடுவதே வில்லாண்மை.

பிள்ளைகள் பாடசாலையிலிருந்து அந்த ஆங்கில வழக்கோடு வீட்டுக்கு வரும்போது, எமது மாங்காய் வழக்கையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். கல்லெறியும் முன் மரத்தின் மறுபக்கம் எவரேனும் நிற்கின்றாரா என்று பார்க்கச் சொன்ன எமது பாட்டிமாரின் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.